தளம் தாழ்ந்த வீடும் ஒரு வெள்ளைப் பூவும்

எங்கள் திண்டிவனத்து வீட்டைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். நிலைப்படியில் குனிவார்கள். உள்ளே வந்து நிமிர்வார்கள். நிமிர்ந்த கண் அப்படியே மேலே போய்த் தளத்தில் நிற்கும். அதற்குப் பிறகு என்ன காட்டினாலும் "சரிங்க, சரிங்க" என்பார்கள். போய்விடுவார்கள்.

அது குள்ளமாகக் கட்டின வீடு இல்லை. நான் கல்யாணமாகி வந்தபோது ஒன்பது அடி உயரம் இருந்தது. பரணில் இருக்கும் குண்டானை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறுவேன். அப்புறம் தெருவுக்குத் தார் ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டதில் மழைத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்தது. என் வீட்டுக்காரர் மண் கொட்டித் தரையை ஏற்றினார். சிவப்புத் தரை போய் மொசைக் வந்தது. மறுபடியும் ரோடு, மறுபடியும் மண், டைல்ஸ். மூன்றாவது தடவை டைல்ஸுக்கு மேலேயே டைல்ஸ். ஒவ்வொரு தடவையும் கதவின் அடிப்பக்கத்தை அறுத்தோம். தளம் இருந்த இடத்திலேயே இருந்தது, நாங்கள்தான் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். கடைசியில் ஏழடிதான் மிச்சம். நாங்கள் இரண்டு பேரும் உயரம் இல்லாதவர்கள் என்பதால் எங்களுக்கு அது தெரியவே இல்லை.

விற்க வேண்டும் என்று வந்தபோதுதான் தெரிந்தது.

விற்க வேண்டிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை செய்கிறாள். மருமகன் வெளிநாட்டில். பேத்திக்கு நாலு வயது. பிறந்ததிலிருந்தே வலது காலில் பலம் குறைவு. காலையிலும் சாயந்திரமும் எண்ணெய் தடவி, டாக்டர் காட்டிக் கொடுத்தபடி மடக்கி நீட்டி, சுவரைப் பிடித்து நடக்க வைக்க வேண்டும். விடாமல் செய்தால் ஏழெட்டு வயதுக்குள் தானாக நடந்துவிடுவாள், விட்டுவிட்டால் கால் இறுகிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகளால் இரண்டு வேளையும் முடியாது. அதனால் நான் தினமும் காலையில் பஸ் ஏறி விழுப்புரம் போய், சாயந்திரம் திரும்புவேன். என் முட்டியும் தேய்ந்துவிட்டது. பஸ் படி ஏற முடியாமல் நான் போகாத நாட்களில் குழந்தையின் கால் மடங்கினபடியே இருக்கும். மகள் இருப்பது மாடியில் ஒற்றை அறை. நாங்களும் போய்ப் படுக்க அங்கே இடமில்லை.

மகள் வீட்டுக்கு எதிரிலேயே ஒரு டீச்சரம்மாவின் சின்ன வீடு விலைக்கு வந்தது. அவர்கள் பையனோடு கோயம்புத்தூர் போகிறார்கள். நான் குழந்தையை நடக்க வைப்பதை ஜன்னலில் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள். "தை பொறக்கற வரைக்கும் வேற யார்கிட்டயும் பேச மாட்டேம்மா. அதுக்கு மேல என்னைக் கேக்கக் கூடாது" என்றார்கள். அப்போது ஆவணி மாதம். திண்டிவனத்து வீடு போனால்தான் இந்த வீடு.

அந்த ஆவணியில்தான் அவர் வந்தார். வளவனூர்க்காரர். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிற வேலை. ஆறடிக்கு மேல் இருப்பார். நெற்றி நிறைய விபூதி. அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. அவர் குனிந்து வந்தார், நிமிர்ந்தார். மற்றவர்களைப் போல முகம் மாறவில்லை. தரையைக் காலால் தட்டிப் பார்த்தார், வாசல் பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்தார். பிறகு ஹாலிலிருந்தே பூஜை அறையில் இருக்கும் முருகன் படம் அவர் கண்ணில் பட்டது. மயிலத்து முருகன். மாலை சாத்தி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"முருகா" என்று சொல்லி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

நல்ல வேளை, மெதுவாக வைத்திருந்தேன். விரல்கள் மட்டும் அடிபட்டு வீங்கின. நான் மஞ்சளும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினேன். அவர் "பரவால்லம்மா, பரவால்ல" என்றார். புரோக்கர்தான் வெளியே வந்து என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாண்ணா இது. சாமி கும்புட்ட மனுசன் கைய ஒடைச்சி அனுப்புறீங்க. இனிமே நான் ஆளக் கூட்டிக்கினு வரணும்னா ஹெல்மெட்டு போட்டுத்தான் கூட்டிக்கினு வரணும்."

"ஃபேன் கம்பியக் கொஞ்சம் அறுத்துட்டா சரியாப் போயிடும்பா."

"ஏற்கெனவே அறுத்துத்தான மாட்டிக்கிறீங்க. இன்னும் அறுத்தா அது ஃபேன் இல்ல, தளத்துல ஒட்டன பல்லி."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடித்தது சாமி முன்னால். கும்பிட்ட கையை அடித்தது. இந்த வீட்டை விற்காதே என்று சொல்கிறாரா, இப்படியே விற்காதே என்று சொல்கிறாரா? நான் எட்டாவதோடு நின்றவள். சாமி எழுதுவதைப் படிக்க எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள், வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்களாம். மேஸ்திரி வந்து சுவரை நகத்தால் கீறினார், மண் உதிர்ந்தது. "எக்கா, இத்தத் தூக்குனா பாதிதான் மேல வரும்" என்றார். புரோக்கர், பால்ஸ் சீலிங் போட்டு உள்ளே லைட் வைத்தால் பார்க்கிறவர்களுக்கு உயரமாகத் தெரியும் என்றார். இருக்கிற தளத்துக்குக் கீழே இன்னொரு தளம் போட்டால் எப்படி உயரமாகும் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். "அது ஒரு தோற்றம்மா" என்றார். மேஸ்திரி ஒரே வழிதான் சொன்னார்: போட்ட தரையை எல்லாம் பெயர்த்தெடுத்துக் கீழே போவது.

"தளம் எறங்கல, நீங்கதான் ஏறிக்கினு வந்துட்டீங்க. எறங்கிடுங்க."

என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. அந்தத் தரைகள் அவர் போட்டவை. மூன்று தடவையும் அவரே மண்வெட்டி பிடித்தவர். "தண்ணிக்குப் பயந்து ஏத்தன தரைய எறக்கறதா? ரோட்டுக்குக் கீழ வூட்ட வச்சிக்கினு எவன் வாங்குவான்?" என்றார். எனக்கோ, மேலே பார்த்துவிட்டுப் போன அத்தனை முகமும் கண்ணில் நின்றது. புரட்டாசி முழுக்க இதே பேச்சு. சோறு போடும்போது பேச்சு, பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பேச்சு.

கடைசியில் மயிலத்துக்குப் போய்ப் பூ வைத்து உத்தரவு கேட்பது என்று முடிவானது. எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதுவும் அப்படித்தான். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அப்படித்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெளியே தெரியாமல் இலையில் கட்டிச் சன்னிதியில் வைக்க வேண்டும். மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும், வாய்விட்டுச் சொல்லக் கூடாது. விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்ல வேண்டும். வருவதுதான் பதில்.

நந்தியாவட்டையும் அரளியும் கட்டிக்கொண்டு போனோம். படி ஏறி முடிக்க எனக்கு வெகு நேரம் ஆனது. அவர் எனக்காக நின்று நின்று வந்தார். சன்னிதியில் பொட்டலங்களை வைத்தோம். கண்ணை மூடிக் கும்பிட்டோம். மொட்டை அடித்துச் சந்தனம் பூசின ஒரு பெண் குழந்தை அதன் அம்மா இடுப்பில் இருந்தது. எடுக்கச் சொன்னோம். அது ஒன்றை எடுத்து வாயில் வைக்கப் பார்த்தது. வாங்கிப் பிரித்தோம்.

வெள்ளை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கும் முகம் தெளிந்துவிட்டது. கூட்டேரிப்பட்டில் இறங்கி, திண்டிவனம் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு டீ குடிக்கலாம் என்றார். அவராக டீ குடிக்கலாம் என்று சொல்வது அபூர்வம்.

"பாத்தியாமே, சாமியே சொல்லிட்டாரு" என்றார்.

"ஆமாங்க. நாளைக்கே மேஸ்திரிய வரச் சொல்லிடுங்க."

"மேஸ்திரி எதுக்கு?"

"தரையத் தோண்டறதுக்கு."

டம்ளரை உதட்டருகிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "வெள்ள வந்தா வேணாம்னுதான அர்த்தம்?"

"யாரு சொன்னது? வெள்ள வந்தா செய்யின்னு அர்த்தம்."

"வெள்ளன்னா சாந்தம். இருக்கறத இருக்கற மாதிரி வுட்டுடுன்னு அர்த்தம். செகப்புன்னாதான் வேலைய ஆரம்பின்னு."

"செகப்புன்னா நில்லுன்னு. ரோட்ல லைட்டுகூட அப்பிடித்தான இருக்குது."

"முருகன் இன்னா டிராபிக் போலீசா?"

டீக்கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பஸ்சு வருது, ஜல்தி முடிவு பண்ணுங்க" என்றார். அவருக்கு எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாது.

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். இத்தனை வருஷமாகப் பூ வைத்துக் கேட்கிறோம், எந்தப் பூ எதற்கு என்று ஒரு நாளும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதுதானே முறை. அப்படியானால் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது வந்த சிவப்புக்கு அவர் என்ன அர்த்தம் வைத்திருந்தார்? கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கல்யாணம் முடிந்து குழந்தையும் பிறந்தாகிவிட்டது.

மறுபடியும் போய்க் கேட்கலாமா என்றேன். "ஒரு தடவ சொன்னத நம்பாம இன்னொரு தடவ கேட்டா, அவரு இன்னா நெனைப்பாரு?" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் சாமி சொன்னது என்ன என்றுதான் தெரியவில்லை.

ஐப்பசி பிறந்துவிட்டது. தைக்கு மூன்று மாதம்தான். ஒரு நாள் காலை நான் பஸ் படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். சாயந்திரம் நான் திரும்பியபோது மேஸ்திரி வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"ஹாலு உன் சாமி சொன்ன மாதிரி" என்றார் என் வீட்டுக்காரர். "பூஜ ரூம்பு என் சாமி சொன்ன மாதிரி. அத்தத் தொடக் கூடாது."

அப்படியே செய்தோம். ஹாலில் இரண்டு அடுக்கு டைல்ஸையும், அதற்குக் கீழே இருந்த மொசைக்கையும் மண்ணையும் எடுத்தார்கள். பழைய சிவப்புத் தரை வந்தது. நான் மருதாணி அரைத்துச் சிந்தின கறை ஒரு மூலையில் அப்படியே இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தளம் எங்கேயோ மேலே இருந்தது. ஃபேன் அது பாட்டுக்குச் சுற்றியது. எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, ஆனால் மற்றதெல்லாம் கோணலாகிப் போனது. தெருவிலிருந்து ஹாலுக்குக் கிணற்றில் இறங்குவதைப் போல மூன்று படி இறங்க வேண்டும். அறுத்து அறுத்துக் குறைந்துபோன வாசற்கதவு தரைக்கு மேலே தொங்கியது. அதன் கீழே பூனை, கோழி எல்லாம் நிமிர்ந்தே வந்தன. பூஜை அறை மட்டும் நாடக மேடை போல தொடை உயரத்தில் நின்றது. நாலு செங்கல்லை அடுக்கி அதன் மேல் ஏறித்தான் விளக்கேற்றினேன்.

பெயர்த்த மண்ணையும் கல்லையும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், கொடுத்துவிட்டோம். அவர் அதைப் போட்டுத் தன் வீட்டுத் தரையை ஏற்றிக்கொண்டார்.

புரோக்கர் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். இப்போது அவர்கள் மேலே பார்க்கவில்லை. வாசலிலேயே நின்று கீழே பார்த்தார்கள். ஒரு அம்மா படியில் காலை வைத்து எடுத்துக்கொண்டார்கள். "வூட்டுக்குள்ள போறப்ப ஏறிப் போவணும்மா. எறங்கிப் போறது நல்லா இல்லியே."

குனிந்து போனாலும் ஆகாது, இறங்கிப் போனாலும் ஆகாது. கோவிலில் சில சன்னிதிக்குக் குனிந்துதான் போகிறோம், சிலதற்கு இறங்கித்தான் போகிறோம். அங்கே சரியாக இருப்பது வீட்டில் ஏன் தப்பாகிறது என்று நான் பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்தேன். விடை வருவதற்குள் விழுப்புரம் வந்துவிடும்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. வாசலில் மணல் மூட்டை போட்டு வைத்திருந்தோம். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. சுவரும் தரையும் சேருகிற இடத்தில், சிவப்புத் தரையின் வெடிப்புகளில், கீழேயிருந்து ஊறி வந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. இரண்டாம் நாள் கணுக்கால் அளவு. பஸ்ஸும் ஓடவில்லை. இரண்டு நாளாகக் குழந்தையின் காலை நீட்ட ஆளில்லை. நாங்கள் கேஸ் அடுப்பு, அரிசிப் பானை, பாய் எல்லாவற்றையும் பூஜை அறைக்கு ஏற்றி, முருகன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சொல்லிடுங்க" என்றேன்.

"இன்னாத்த?"

"நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கினேன்னு."

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஒக்கார எடம் இருக்குதா இல்லியா? என் சாமி வச்ச எடம். சாப்பிடு" என்றார்.

மழை விட்ட மறுநாள் காலையில் வாசலில் நிழல் விழுந்தது. வளவனூர்க்காரர். கூடவே அவருடைய அம்மா, இவர் தோளுக்குக்கூட வராத குள்ளம். இரண்டு பேரும் வாசலில் நின்று எங்கள் ஹாலில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தார்கள். நாங்கள் பூஜை அறையிலிருந்து அவர்களைப் பார்த்தோம்.

"இன்னாங்க இப்பிடிப் பண்ணி வச்சிக்கிறீங்க" என்றார் அவர். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "இந்தத் தெருவுலயே ஒசரமான தரைன்னுதாங்க நான் இந்த வூட்ட நெனைச்சிக்கினு இருந்தேன். அன்னிக்கே காலால தட்டிப் பாத்தேன். யாரு இத்தத் தோண்டச் சொன்னது?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு முருகனைப் பார்த்தார். "அது பெரிய கதைங்க" என்றார்.

"அன்னிக்குக் கையில பட்டுதே" என்றேன் நான். "அதனால வேணாம்னுட்டீங்கன்னு நெனைச்சோம்."

அவருடைய அம்மாதான் பதில் சொன்னார்கள். "எட்டு வூடு பாத்தாச்சி கண்ணு. ஒரு வூட்லயும் சாமி இவனத் தொடல. இங்கதான் தட்டிச்சி. கூப்புடுறாருடா, மறுபடியும் போய்ப் பாருன்னு நான்தான் சொல்லிக்கினே இருந்தேன். ஊர்ல அறுப்பு இருந்திச்சி, அதான் லேட்டு."

"ஆனா தரைய ஏத்துனா நெட்டையா இருக்கறவருக்குத் தளம் தலைக்கிட்ட வந்துடுமேம்மா."

"இவன் ஒருத்தன்தான் நெட்ட. குனிஞ்சிக்கினு போவட்டும். வளைஞ்சா ஒடைஞ்சா பூடுவான்?"

அவர் சிரித்தார். "தரைய மட்டும் பழையபடி ஏத்திக் குடுத்துடுங்க. ஃபேன நான் செவுத்துல மாட்டிக்கிறேன்."

செவுத்துல மாட்டுகிற ஃபேன். ஆவணியிலிருந்து கார்த்திகை வரைக்கும் நாங்கள் இருவரும், மேஸ்திரியும், புரோக்கரும், போனில் படம் அனுப்பின மகளும், ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

மேஸ்திரியைக் கூப்பிட்டோம். கதையைக் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். "எக்கா, எடுத்த மண்ணு எங்க?"

"பக்கத்து வூட்ல."

"அவுரு அது மேல டைல்சே ஒட்டிட்டாரே. பேஜாருக்கா உங்களோட." வெளியிலிருந்து கிராவல் கொட்டி, அடித்து, மறுபடியும் டைல்ஸ் போட்டு, மார்கழிப் பாதியில் ஹால் பூஜை அறையோடு சமமானது. தளம் மறுபடியும் தலைக்கு மேலே வந்து நின்றது. கடைசி நாள் வீட்டைக் கழுவி விளக்கேற்றிச் சாவியைக் கொடுத்தபோது வளவனூர்க்காரர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். தூக்கும் முன்னால் ஒரு தடவை மேலே பார்த்துக்கொண்டார்.

தைக்கு ஆறு நாள் முன்பு டீச்சரம்மாவிடம் பேசி முடித்தோம்.

இப்போது விழுப்புரத்தில் இருக்கிறோம். தெருவைத் தாண்டினால் மகள் வீடு. காலையில் எட்டு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் ஹாலில் விட்டுவிட்டுப் போகிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரைக்கும் போகிறது. போன வாரம் நடுவில் ஜன்னல் வந்த இடத்தில் பிடியில்லாமல் இரண்டு அடி வைத்தது.

என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் பூக் கதையைச் சொல்கிறார். "வெள்ள வந்திச்சி. வெள்ளன்னா வுட்டுடுன்னு அர்த்தம். இவ கேக்கல. பட்டுட்டுத்தான் திருந்தனா." நானும் விடாமல், "தோண்டி இருக்கலன்னா, நாங்க தண்ணிக்கு நடுவுல பூஜ ரூம்புல ஒக்காந்திருந்தத அவரு பாத்திருக்கலன்னா, அந்தாளு மனசு எறங்கி இருக்குமா?" என்பேன். வந்தவர்கள் சிரித்துக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போவார்கள்.

ஒன்று மட்டும் நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அன்றைக்குச் சன்னிதியில் வெள்ளை என்றால் தோண்டு, சிவப்பு என்றால் வேண்டாம் என்றுதான் நினைத்துக்கொண்டு படி ஏறினேன். முட்டி வலியோடு ஏறி, மூச்சு வாங்கி, கண்ணை மூடினபோது தரையும் ஞாபகம் இல்லை, தளமும் ஞாபகம் இல்லை. குழந்தையின் வலது கால்தான் வந்தது. அந்தக் கால் நடக்கணும், அது நடக்கும்போது நான் பக்கத்தில் இருக்கணும், அப்பா முருகா என்று கேட்டுக்கொண்டேன். அதற்குள் அந்த மொட்டைக் குழந்தை பொட்டலத்தை எடுத்துவிட்டது. டீக்கடையில் அவர் கேட்டபோது, படியில் நினைத்ததைச் சன்னிதியில் நினைத்ததாகச் சொல்லிவிட்டேன்.

அது பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. தோண்டச் சொல்லிக் கேட்கவே கேட்காத நான், முருகன் தோண்டச் சொன்னார் என்று எதை நம்பி ஹாலைத் தோண்டினேன் என்றும் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வேறு ஒன்று கேட்டார், நான் வேறு ஒன்று கேட்டேன், ஒரே பூ வந்தது. அவரிடம் சொன்னால் ஜெயித்துவிட்டதாக நினைப்பார், அது பரவாயில்லை. முருகனிடம்தான் சொல்ல வேண்டும். படி ஏற முடிகிற ஒரு நாள், குழந்தையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இந்த முறை பூ எதுவும் கொண்டுபோகப் போவதில்லை.